வானத்துக்குப் போகும் மளிகைச் சாமான்

மாதம் பிறந்து சம்பளக் கவர் கைக்கு வந்ததும் நீங்கள் முதலில் செய்கிற காரியம் என்ன? ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு மளிகைச் சாமான் ஜாபிதா எழுதுவதுதான், இல்லையா? துவரம் பருப்பு, உளுந்து, மிளகாய், புளி, சர்க்கரை, காப்பிப் பொடி, துணி சோப்பு என்று வரிசையாக எழுதிக்கொண்டே போவீர்கள். இரண்டு சாமான் மறந்து போனாலும் குடி முழுகிவிடாது. தெருக்கோடியில் கடை இருக்கிறது. பையனை விரட்டினால் ஐந்து நிமிஷத்தில் வாங்கி வந்துவிடுவான். கடை சாத்தியிருந்தால் பக்கத்து வீட்டு மாமி இருக்கிறார். ஒரு டம்ளர் சர்க்கரை கடன் கொடுக்க மாட்டாரா என்ன?

தெருக்கோடிக் கடையும் கிடையாது, பக்கத்து வீட்டு மாமியும் கிடையாது, குடிக்கத் தண்ணீரும் மூச்சு விடக் காற்றும்கூட வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்று ஒரு வீடு இருந்தால், அந்த வீட்டின் ஜாபிதா எப்படி இருக்கும்? அப்படி ஒரு வீடு நம் தலைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது.

மேலே ஒரு கூட்டுக் குடித்தனம்

அமெரிக்கா, ருஷ்யா, ஜப்பான், கனடா, ஐரோப்பிய நாடுகள் எல்லாம் சேர்ந்து கட்டிய சர்வதேச விண்வெளி நிலையம்தான் அந்த வீடு. அதன் முதல் பகுதி 1998-ல் மேலே போயிற்று. 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி மூன்று பேர் குடி புகுந்தார்கள். அன்று தொடங்கி ஒரு நாள்கூட அந்த வீடு பூட்டிக் கிடந்ததில்லை. ஒரு கோஷ்டி இறங்கும் முன்பே இன்னொரு கோஷ்டி வந்துவிடும். வழக்கமாக ஏழு பேர் அதில் இருப்பார்கள்.

எவ்வளவு தூரம் என்கிறீர்கள்? சுமார் 400 கிலோமீட்டர்தான்! சென்னையில் காரில் ஏறி, சேலம் வழியாக நாமக்கல் போய் இறங்குகிற தூரம். காலையில் புறப்பட்டால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அந்தத் தூரத்தைச் செங்குத்தாக மேலே ஏறவேண்டும் என்பது ஒரு சங்கடம். வீடு ஓரிடத்தில் நிற்காது என்பது அதைவிடப் பெரிய சங்கடம். மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. சேலத்திலிருந்து நாமக்கல் வரை ஏழு விநாடி! சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றி முடித்துவிடுகிறது. ஒரு நாளைக்குப் பதினாறு சூரியோதயம். ஓடுகிற வீட்டுக்குப் பின்னாலேயே ஓடிப்போய்ச் சாமான் கொடுக்க வேண்டும்.

இதைக் கேட்டால் நாமக்கல் சீமையில் ஒருவரும் அசந்துபோக மாட்டார்கள். சரக்கு ஏற்றுவதே அந்த ஊரின் மூச்சு. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளும், டிரெய்லர்களும், டாங்கர்களும், பக்கத்துத் திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டப் புறப்படும் ரிக் வண்டிகளுமாக, அந்தப் பக்கத்து வண்டி போகாத மாநிலம் கிடையாது. லாரிக்காரர்கள் ஸ்டிரைக் செய்தால் காய்கறி விலை என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். நாம் ஊருக்குப் போகும்போது வழியில் மறிக்கிற லாரியைத் திட்டுகிறோமே தவிர, நம் வீட்டு அடுப்பு எரிவது அதனால்தான் என்று நினைப்பதில்லை. விண்வெளி விஷயமும் அப்படித்தான். வீரர்கள் கையசைத்துப் புறப்படும் படம் பத்திரிகையில் வருகிறது. அவர்களுக்குச் சோறு கொண்டு போகும் வண்டியின் படம் வருவதே அபூர்வம்.

டிரைவர் இல்லாத வண்டி

அந்த வண்டியில் டிரைவரும் கிடையாது, கிளீனரும் கிடையாது. காரணம் லளிதமானது. ஓர் ஆளை ஏற்றினால் அவருக்கு இருக்கை வேண்டும், காற்று வேண்டும், சாப்பாடு வேண்டும், பத்திரமாகத் திரும்பி வர வழி வேண்டும். இத்தனையும் சேர்த்தால் சாமான் வைக்க இடம் ஏது? ஆகவே யந்திரமே தன்னை ஓட்டிக்கொண்டு போகும்படி செய்தார்கள்.

இந்த யோசனையை முதலில் நிறைவேற்றியவர்கள் சோவியத் ருஷ்யர்கள். அதற்கு முன்பெல்லாம் விண்வெளி நிலையங்கள் புறப்படும்போதே கட்டுச்சோற்று மூட்டையையும் கட்டிக்கொண்டு போயின. மூட்டை தீர்ந்தால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். ருஷ்யர்கள் கட்டிய ‘சல்யூட் 6’ என்ற நிலையத்துக்கு இரண்டு வாசல் வைத்தார்கள். முன் வாசல் மனிதர்கள் வந்து போக. பின்பக்க வாசல் சாமான் வண்டிக்கு. பழைய காலத்து வீடுகளில் கொல்லைப்புற வழியாக நெல் மூட்டை இறங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

1978-ஆம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி ‘பிராக்ரஸ் 1’ என்ற வண்டி புறப்பட்டது. இரண்டு நாள் கழித்துத் தானாகவே போய்க் கொல்லைப்புற வாசலில் ஒட்டிக்கொண்டது. எரிபொருள், தண்ணீர், உணவு என்று இரண்டு டன்னுக்கு மேல் சரக்கு. உள்ளே இருந்த ரொமானென்கோ, கிரெச்கோ என்ற இரண்டு பேர் 96 நாள் தங்கி, அதுவரை எவரும் இருந்திராத காலம் வானத்தில் இருந்துவிட்டுத் திரும்பினார்கள். அந்த வண்டியின் வம்சம் இன்றும் நடக்கிறது. அதே பெயரில், அதே வேலையை, அடக்க ஒடுக்கமாகச் செய்துகொண்டிருக்கிறது. பிறகு ஐரோப்பியர், ஜப்பானியர் வண்டிகள் வந்தன. 2012 மே மாதம் முதல் அமெரிக்கத் தனியார் கம்பெனி வண்டிகளும் போகின்றன. சீனர்கள் தங்களுடைய தனி நிலையத்துக்குத் தனி வண்டி வைத்திருக்கிறார்கள்.

ஓடுகிற வீட்டில் ஓடுகிற வண்டி எப்படி ஒட்டுகிறது? பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் ஒரே வேகத்தில் போவதை நினைத்துப் பாருங்கள். வெளியே மரங்கள் பறக்கின்றன. ஆனால் எதிர் ரயில் ஜன்னலில் இருக்கும் குழந்தை நகராமல் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றுகிறது. அதே சூட்சுமம்தான். வண்டி முதலில் நிலையத்தின் வேகத்தைப் பிடிக்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, எறும்பு ஊர்வதுபோல் நெருங்குகிறது. சில வண்டிகள் தாமாகவே ஒட்டிக்கொள்ளும். சிலவற்றை நிலையத்திலுள்ள பதினேழு மீட்டருக்கு மேல் நீளமான யந்திரக் கை, யானை தும்பிக்கையால் தேங்காய் எடுப்பது போலப் பிடித்து வாசலில் பொருத்தும்.

சாமான் வந்தது!

கதவு திறந்ததும் உள்ளே இருப்பவர்களுக்கு ஏற்படும் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டாம். மாதக் கணக்கில் பொட்டலச் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு ஒரு புது ஆப்பிளின் வாசனை போதும்!

அங்கே சமையல் எப்படி என்று நீங்கள் கேட்காமல் இருப்பீர்களா? ரொட்டிக்கு அங்கே இடமில்லை. அதன் துகள் மிதந்து போய்க் கண்ணிலும் யந்திரத்திலும் விழும். ஆகவே ‘டார்ட்டியா’ என்று ஒரு மெக்ஸிகோ பலகாரம் அனுப்புகிறார்கள். பார்வைக்கு நம் சப்பாத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை. உப்பைத் தூவ முடியாது. தண்ணீரில் கரைத்துச் சொட்டு விடவேண்டும். மிளகை எண்ணெயில் கலந்து வைத்திருக்கிறார்கள். முட்டை உண்டு, ஆனால் பொடிமாஸாகச் செய்து, ஈரத்தை உறிஞ்சி உலர்த்திய முட்டை. பொட்டலத்தில் வெந்நீர் விட்டால் எழுந்துகொள்ளும். நாமக்கல்காரர்கள் கேட்டால் மனம் வருந்துவார்கள்!

இன்னொரு விசேஷம்: அந்த வீட்டில் துணி துவைப்பது என்பதே இல்லை. அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? போட்ட துணியையே பல நாள் போட்டுக்கொண்டு, பிறகு மூட்டை கட்டிவிடுவார்கள். அந்த மூட்டை, காலிப் பொட்டலம், குப்பை எல்லாம் காலியான சாமான் வண்டிக்குள்ளேயே போகும். வண்டி கழன்று கீழே இறங்கும்போது காற்று மண்டலத்தில் உராய்ந்து குப்பையோடு எரிந்து போகும். ‘டிராகன்’ என்கிற அமெரிக்க வண்டி மட்டும் திரும்பி வருகிறது; ஆராய்ச்சிப் பொருள்களைப் பத்திரமாகக் கடலில் கொண்டு வந்து இறக்குகிறது. மற்ற வண்டிகளுக்கு ஒரே ஒரு பிரயாணம்தான். சுமந்து போய்க் கொடுத்துவிட்டு, அழுக்கை வாங்கிக்கொண்டு, எரிந்து போவதுதான் அவற்றின் தலையெழுத்து.

வண்டி வராத நாள்கள்

இதெல்லாம் கேட்கத் தமாஷாக இருக்கிறது. வண்டி வராவிட்டால்? வந்த வண்டி இடித்துவிட்டால்?

இரண்டும் நடந்திருக்கிறது. 1997-ஆம் ஆண்டு ஜூன் 25-ந் தேதி ‘மிர்’ என்ற ருஷ்ய நிலையத்துக்கு அருகே ஒரு பிராக்ரஸ் வண்டியை, வழக்கமான ரேடார் உதவி இல்லாமல், உள்ளே இருந்தபடியே கையால் இயக்கிக் கொண்டுவந்து ஒட்டும் பரீட்சை நடந்தது. ஏழு டன் வண்டி நினைத்ததைவிட வேகமாக வந்துவிட்டது. ‘ஸ்பெக்டர்’ என்ற அறையில் மோதியது. சுவரில் ஓட்டை, காற்று ‘புஸ்’ஸென்று வெளியேறத் தொடங்கியது. இரண்டு ருஷ்யர்களும் மைக்கேல் ஃபோல் என்ற அமெரிக்கரும் உள்ளே இருந்தார்கள். அந்த அறைக்குள் போகும் மின்சாரக் கம்பிகளை அவசரமாக அகற்றி, அறுத்து, வாசலை இறுக மூடினார்கள். மூன்று பேரும் பிழைத்தார்கள். அறை போயிற்று, நிலையத்தின் மின்சாரத்திலும் பெரும் பகுதி போயிற்று.

அடுத்தது பசியின் கதை. நம் நாட்டுப் பெண்மணி ஒருத்தியின் மரணத்திலிருந்து அது தொடங்குகிறது.

ஹரியானாவில் கர்னால் என்ற ஊரில் பிறந்து, பொறியியல் படித்து, அமெரிக்காவுக்குச் சென்று, 1997-ல் விண்வெளிக்குப் போனவர் கல்பனா சாவ்லா. இந்தியாவில் பிறந்து விண்வெளி சென்ற முதல் பெண் அவர். இரண்டாவது முறை அவர் சென்ற ‘கொலம்பியா’ விண்கலம், 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி பூமிக்குத் திரும்பும்போது வானத்திலேயே சிதறியது. ஏழு பேரும் மாண்டார்கள். அன்று நம் வீடுகளில் டெலிவிஷன் முன் உட்கார்ந்து கண் கலங்காதவர்கள் குறைவு.

அந்த விபத்தோடு அமெரிக்காவின் அந்த ரக விண்கலங்கள் எல்லாம் நிறுத்தி வைக்கப்பட்டன. நிலையத்துக்கு மூட்டை மூட்டையாகச் சாமான் சுமந்த பெரிய வண்டிகள் அவைதான். மிஞ்சியது சின்ன வண்டியான பிராக்ரஸ் ஒன்றே. ஒரு வண்டிச் சோற்றில் மூன்று பேர் குடித்தனம் நடத்த முடியாது என்று, ஆள்களை இரண்டாகக் குறைத்தார்கள்.

2004 அக்டோபரில் அப்படிப் போன இருவர் லீராய் சியாவ் என்ற அமெரிக்கரும் சலிஜான் ஷரிபோவ் என்ற ருஷ்யரும். போனபின்தான் தெரிந்தது, அலமாரியில் இருக்கவேண்டிய அளவு உணவு இல்லை என்று. முன்பு இருந்தவர்கள் கணக்குக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். கணக்கு வைத்துக்கொள்ளாத சமையலறை என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாதா? இருவரும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். டிசம்பர் மாத வண்டி வரவில்லையானால் வீட்டைப் பூட்டிவிட்டு இறங்க வேண்டியதுதான் என்ற நிலைமை. டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, பிராக்ரஸ் வண்டி இரண்டரை டன் சரக்குடன் வந்து ஒட்டிக்கொண்டது. பெயர் இல்லாத, ஆள் இல்லாத ஒரு வண்டியை இவ்வளவு ஆவலாக எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

பத்து வருஷம் கழித்து இன்னொரு சோதனை. 2014 அக்டோபர் 28-ந் தேதி ஓர் அமெரிக்க வண்டி கிளம்பிய சில விநாடிகளில் வெடித்தது. 2015 ஏப்ரலில் ஒரு ருஷ்ய வண்டி கட்டுப்பாடு இழந்து சுழன்று எரிந்தது. ஜூன் 28-ந் தேதி மூன்றாவது வண்டியும் வழியிலேயே உடைந்து போயிற்று. எட்டு மாதத்தில் மூன்று! பழைய அனுபவத்தால் இம்முறை சில மாதங்களுக்கு வேண்டியதை மேலே சேர்த்து வைத்திருந்தார்கள். ஜூலையில் ருஷ்ய வண்டியும் ஆகஸ்டில் ஜப்பானிய வண்டியும் போய்ச் சேர்ந்தன. குதிரில் நெல் இருந்தால் மழை தவறினாலும் தாக்குப் பிடிக்கலாம் என்ற நம் பாட்டிமார் கணக்கு, வானத்திலும் செல்லுபடியாகிறது பாருங்கள்.

கல்பனா கொண்டுபோன சீர்

2020-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி இரவு, அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரையிலிருந்து ‘சிக்னஸ்’ என்ற ரகத்தைச் சேர்ந்த ஒரு சாமான் வண்டி கிளம்பியது. இந்த வண்டிகளுக்கு விண்வெளிக்காக உழைத்தவர்களின் பெயரை வைப்பது அந்தக் கம்பெனியின் வழக்கம். இந்த வண்டிக்கு வைத்த பெயர் ‘கல்பனா சாவ்லா’.

சுமார் மூன்றரை டன் சரக்கு. அதில் ஒன்று, பெண்களுக்கும் சௌகரியமாக இருக்கும்படி புதிதாக அமைத்த கழிப்பறைச் சாதனம். அதை உருவாக்க ஆன செலவு 2 கோடியே 30 லட்சம் டாலர்! சிரிக்காதீர்கள். ஒரு வீட்டில் பெண்களுக்கு முதலில் வேண்டிய சௌகரியம் எது என்பதை நம் ஊர்களில்கூட வெகு காலம் கழித்துத்தானே உணர்ந்தார்கள்? இன்னொன்று, முள்ளங்கி விதை. அது நவம்பர் மாதக் கடைசியில் மேலேயே விளைந்து அறுவடையாயிற்று. சாம்பார் வைக்கத்தான் ஆள் இல்லை.

2021 ஜனவரியில் அந்த வண்டியும் குப்பையைச் சுமந்துகொண்டு இறங்கி எரிந்து போயிற்று. கல்பனாவின் மறைவால் நின்றுபோன சாமான் போக்குவரத்து, பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அவர் பெயரைத் தாங்கியே ஒரு நடை போய்க் கொடுத்துவிட்டு வந்தது.

எத்தனை நாளைக்குப் பிறந்த வீட்டுச் சீர்?

ஆனால் நேயர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டு முதல் வருஷம் பிறந்த வீட்டிலிருந்து எல்லாம் அனுப்பலாம். தலை தீபாவளி, பொங்கல் சீர் என்று வண்டி வண்டியாகப் போகும். ஆயுசு முழுவதும் அரிசியும் பருப்பும் அங்கிருந்தே வரவேண்டும் என்றால் அது குடித்தனமா? ஒரு கிலோவை மேலே அனுப்ப லட்சக்கணக்கில் செலவாகிறது. ஆகவே அந்த வீட்டுக்காரர்கள் சிக்கனம் கற்றுக்கொண்டார்கள். வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் பிடித்துச் சுத்தம் செய்து திரும்பவும் குடிதண்ணீராக்குகிறார்கள். நூற்றுக்கு 98 பங்கு தண்ணீரை இப்படி மீட்க முடிகிறது என்று 2023-ல் அறிவித்தார்கள். முகம் சுளிக்க வேண்டாம். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரைவிடச் சுத்தம் என்று சொல்கிறார்கள்!

நம் நாடும் இந்தக் குடித்தனத்துக்குத் தயாராகிறது. 2035-க்குள் ஐந்து பகுதிகள் கொண்ட சொந்த விண்வெளி நிலையம் கட்டத் திட்டம். வீடு கட்டினால் சாமான் வண்டி ஒட்டத் தெரியவேண்டுமே? அதற்கான முதல் பாடம் 2024 டிசம்பர் 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சென்றது. சுமார் 220 கிலோ எடையுள்ள இரட்டைப் பிள்ளைகள் போன்ற இரண்டு கலங்கள். இரண்டு தரம் நாள் குறித்துத் தள்ளிப்போட்டு, அவசரப்படாமல் பொறுத்திருந்து, 2025 ஜனவரி 16-ல் ஒன்றோடொன்று சேர்த்தார்கள். இந்த வித்தை தெரிந்த நாலாவது நாடு இந்தியா.

அதே ராக்கெட்டில் இன்னொரு சின்ன விஷயமும் போயிற்று. ஒரு டப்பாவில் எட்டுத் தட்டைப்பயறு. ஆமாம், சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் குழம்பு வைக்கிற அதே தட்டைப்பயறுதான். சென்னையில் காராமணி என்போம். எடையே இல்லாத அந்த இடத்தில் நாலு நாளில் அது முளைவிட்டது. பிறகு இலையும் விட்டது.

400 கிலோமீட்டரில் இருக்கும் வீட்டுக்கே இந்தப் பாடு. நிலாவில் குடியிருக்கப் போனால்? அதன் தூரம் 3,84,000 கிலோமீட்டர். சாமான் வண்டி அடிக்கடி போய் வருகிற காரியமா அது? கூடிய மட்டும் அங்கே இருக்கிற மண்ணிலேயே எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த மண் எப்படிப்பட்டது என்று இங்கேயே பழகிப் பார்க்க வேண்டும். இங்கேதான் நம் நாமக்கல் மாவட்டம் கதைக்குள் வருகிறது.

சித்தம்பூண்டியில் நிலா

பரமத்தி வேலூருக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட வறண்ட சமவெளியில் சித்தம்பூண்டி, குன்னமலை என்ற கிராமங்கள் இருக்கின்றன. அந்தப் பூமியில் வெள்ளை வெளேரென்று ஒரு பாறை தலை நீட்டும். ‘அனார்த்தோசைட்’ என்பது அதன் பெயர். இரண்டரை நூறு கோடி வருஷப் பழமை. நாமக்கல் தனி மாவட்டமாகும் முன்பே, 1956-ல், சேலம் ஜில்லா சித்தம்பூண்டிப் பாறையைப் பற்றி ஏ. பி. சுப்பிரமணியம் என்ற நிலவியல் அறிஞர் விரிவான கட்டுரை எழுதி அமெரிக்க நிலவியல் சஞ்சிகையில் வெளியிட்டார். அப்போது நிலாவில் மனிதன் கால் வைக்கவில்லை.

1969-ல் கால் வைத்து மண்ணை அள்ளி வந்து பார்த்தபோது, அதில் வெள்ளைத் துணுக்குகள் இருந்தன. அனார்த்தோசைட்! நிலா பிறந்த புதிதில் கொதிக்கும் குழம்பாக இருந்ததாம். பாலைக் காய்ச்சினால் ஆடை மேலே மிதக்கிறதல்லவா? அதுபோலக் குழம்பில் கனம் குறைந்த சரக்கு மேலே மிதந்து உறைந்தது. நாம் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போது காட்டுகிற நிலாவின் வெளுப்பான பகுதிகள் எல்லாம் அந்த ஆடைதான்.

சந்திரயான் கலத்தை நிலாவில் இறக்குவது என்று நம் விஞ்ஞானிகள் தீர்மானித்தபோது பரீட்சை பார்க்க மண் வேண்டியிருந்தது. கால் எவ்வளவு புதையும்? தூசி எப்படிக் கிளம்பும்? சின்ன வண்டியின் சக்கரம் வழுக்குமா? ஒரு பிடி மண் போதாது. ஒரு மைதானமே பரப்ப வேண்டும், அறுபது எழுபது டன். நிலா மண் போலச் செய்த மண்ணை அமெரிக்காவிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் கிலோக் கணக்கில் டாலர் கொட்ட வேண்டும். அப்போதுதான் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அன்பழகனும் அவரைச் சேர்ந்த நிலவியலாரும் சித்தம்பூண்டியைக் காட்டினார்கள். பாறையை உடைத்து, சேலத்து கிரஷர்களில் பொடித்து, நிலாத் தூசியின் அளவுக்குச் சலித்துப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். தோசைக்கு ஒரு பதம், இட்லிக்கு ஒரு பதம் என்று அரைக்கிற நமக்குப் புரியும், அந்தப் பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தாரும் துணை நின்றார்கள்.

இதற்கென்று முதலில் ஒதுக்க நினைத்த தொகை 25 கோடி ரூபாய். செலவு வெகுவாகக் குறைந்துவிட்டது. ஏனென்றால் வேலையில் கை கொடுத்தவர்கள் கட்டணம் வாங்கவில்லை என்று, அப்போது பெங்களூர் செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை பிற்பாடு சொல்லியிருக்கிறார். அவர் பொள்ளாச்சிப் பக்கத்துக் கோதவாடிக் கிராமத்திலிருந்து வந்தவர். இந்த மண் செய்யும் முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது.

2019 செப்டம்பரில் சந்திரயான்–2 இறங்கும்போது விழுந்து நொறுங்கியது. மனம் தளராமல் அதே மண்ணில் மறுபடியும் பழகினார்கள். 2023 ஆகஸ்ட் 23-ந் தேதி மாலை 6 மணி 4 நிமிஷத்துக்குச் சந்திரயான்–3 மெத்தென்று இறங்கியது. அதிலிருந்து இறங்கிய 26 கிலோச் சின்ன வண்டி ‘பிரக்யான்’ சுமார் நூறு மீட்டர் ஓடி, அங்கங்கே நின்று மண்ணைச் சோதித்தது. 2024-ல் அந்தச் சோதனையின் விவரம் வெளியாயிற்று. அங்கே இருந்ததும் அனார்த்தோசைட் இனத்து மண்தான். சித்தம்பூண்டிப் பாறையின் உறவுக்காரன்!

இனி அந்த மண்ணில் குடித்தனம் எப்படி நடத்துவது? நிலா மண்ணின் எடையில் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் ஆக்ஸிஜன். ஆனால் மற்றப் பொருள்களோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. அதைப் பிரிப்பதற்குப் போலி நிலா மண்ணை உருக்கிப் பார்த்து, 2023-ல் அமெரிக்கர்கள் வெற்றி கண்டிருக்கிறார்கள். வீடு கட்டச் செங்கல்? பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் அதற்கும் 2020-ல் ஒரு வழி சொன்னார்கள். நிலா மண் போன்ற பொடியில் ஒரு வகை நுண்ணுயிரையும், யூரியாவையும், கொத்தவரை விதைப் பிசினையும் சேர்த்தால் கல்லாக இறுகிவிடுகிறதாம். கொத்தவரங்காய்ப் பொரியல் என்றால் மூக்கைச் சுளிக்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு சாமான் வண்டி வேண்டாம் என்று ஆகிவிடாது. எவ்வளவு நன்றாகக் குடித்தனம் செய்கிற பெண்ணுக்கும் பிறந்த வீட்டு ஊறுகாய் ஜாடி ஒன்று வந்தால் மனசு குளிருமல்லவா? மேலே வீடு இருக்கிற வரையில் கீழேயிருந்து வண்டி போய்க்கொண்டுதான் இருக்கும். எண்ணி, நிறுத்து, ஜாபிதா போட்டு அனுப்பிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அடுத்த தடவை நீங்கள் சேலம்–நாமக்கல் ரோட்டில் போகும்போது ஒரு லாரி வழிவிடாமல் முன்னால் ஊர்ந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ ஜன்னல் வழியே பாருங்கள். அந்தச் சீமையின் மண்ணுக்கும் வானத்துக்கும் உள்ள சம்பந்தத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டே போனால், லாரி தானாக ஒதுங்கிவிடும்.